வேடத்துக்குள் எத்தனை டிகிரி?

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் சென்னை நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்தில் ஒரு புதுமையான திருவிழா நடந்தது. ‘காமிக் கான்’ என்பது அதன் பெயர். 2011-இல் டில்லியில் தொடங்கிப் பல நகரங்களைச் சுற்றிய அந்த விழா, அன்றுதான் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. படக்கதைப் புத்தகங்கள், பொம்மைகள், மின்விளையாட்டுகள் ஆகியவற்றின் கடைகள் ஒருபுறம்; ஓவியர்களின் மேடைப் பேச்சு மறுபுறம். இவற்றையெல்லாம் விடக் கூட்டத்தை ஈர்த்தது, விழாவுக்கு வந்தவர்கள் போட்டிருந்த வேடங்கள்தான். விண்வெளி வீரர், இயந்திர மனிதர், வேற்றுலக மாந்தர், இரும்புக் கவசம் பூண்ட நாயகர் எனக் கதைகளில் மட்டுமே கண்டவர்கள் உயிரோடு எழுந்து நடமாடினார்கள். மறு ஆண்டும் விழா நடந்தது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் உள்ள பல வீடுகளில் இன்று இளைஞர்கள் நுரைத் தகட்டை வெட்டிக்கொண்டும் பசை ஒட்டிக்கொண்டும் இருக்கிறார்கள் என்றால் அதற்கு இந்த விழா ஒரு காரணம்.

இந்த வேடங்களுக்கு ‘காஸ்ப்ளே’ என்று பெயர். இவற்றைப் பற்றிச் செய்தித்தாள்களில் படங்கள் வருகின்றன, பாராட்டுகள் வருகின்றன. ஆனால் ஒரு கதையையோ நாடகத்தையோ விமரிசனம் செய்வதுபோல் இந்த வேடங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. ‘அச்சு அசலாக இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. அறிவியல் புனைகதையிலிருந்து பிறந்த ஒரு கைவேலைக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமா? போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அறிவியல் வேடத்தை அறிவியலின் உரைகல்லிலும் உரசிப் பார்க்க வேண்டும். அப்படி உரசினால் கலைக்கும் லாபம், வேடம் போடுபவரின் உடல்நலத்துக்கும் லாபம்.

வேடம் நமக்குப் புதிதல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேடம் கட்டுவது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பழக்கமன்று. நவராத்திரியின்போது குழந்தைகளுக்குக் கண்ணன், ஆண்டாள் என்று வேடமிட்டு, கொலுவுக்கு அழைக்க வீடு வீடாக அனுப்பும் வழக்கம் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பழக்கமானது. ‘மாறுவேடப் போட்டி’ நடக்காத பள்ளி ஆண்டு விழா உண்டா? பாரதியார் மீசையும் ஜான்சி ராணியின் அட்டை வாளும் இல்லாத மேடையை நாம் பார்த்ததே இல்லை.

தெருக்கூத்தின் கட்டை வேடத்தைப் பாருங்கள். மார்புப் பதக்கம், புஜக்கட்டை, உயர்ந்த கிரீடம் ஆகிய எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டவை. தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் விளக்கொளியில் உருவம் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆடுபவர் விடியும்வரை சுழன்று ஆடவும் வேண்டும். இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்ட வடிவம் அது. தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையும் அப்படித்தான். குதிரையின் உடல் ஒரு கூடு, அதன் சுமை ஆட்டக்காரரின் தோளிலிருந்து தொங்குகிறது, அடிப்பக்கம் திறந்திருக்கிறது. இவற்றைச் செய்த கைவினைஞர்கள் இயற்பியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் எடை எங்கே இறங்க வேண்டும், காற்று எங்கே நுழைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆயினும் புராண வேடத்துக்கும் அறிவியல் வேடத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பத்துத் தலை இராவணனைப் பார்த்து, ‘கழுத்து இந்தச் சுமையை எப்படித் தாங்கும்?’ என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அறிவியல் புனைகதையோ, ‘இப்படி ஓர் உலகம் இருக்கக்கூடும்’ என்று நம்மிடம் சொல்கிறது. அவ்வாறு சொன்ன உடனேயே, ‘எப்படி?’ என்று கேட்கும் உரிமையையும் அதுவே நமக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த உரிமையைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறோம்.

நியூயார்க்கில் தொடங்கிய கதை

முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் கூடியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். அவர்களில் ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞரும் அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடை அணிந்து வந்தனர். இரண்டு உடைகளையும் தைத்தவர் மர்ட்டில்தான். அக்காலப் பத்திரிகை ஓவியரான ஃபிராங்க் பால் தீட்டிய படங்களும் 1936-இல் வெளிவந்த ஒரு திரைப்படமும் அவருக்குத் தூண்டுகோல்கள். ஆனால் அவர் குறிப்பிட்ட ஒரு பாத்திரத்தை நகல் எடுக்கவில்லை. ‘வருங்கால மனிதர் எதை உடுத்துவார்?’ என்ற கேள்விக்குத் துணியால் விடை எழுதினார். மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் வேடப் போட்டியே நடந்தது. பிறகு அது ஆண்டுதோறும் வழக்கமாயிற்று.

1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்காட் ஷா என்ற படக்கதை ஓவியர், தாம் படைத்த பாத்திரமாக வேடமிடுவதற்கு உடல் முழுவதும் நிலக்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டார். மேடை விளக்கின் சூட்டில் அது உருகிக் கெட்டு நாற்றமெடுத்தது. அருகில் நின்றவர்களின் உடைகளிலும் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் ‘நிலக்கடலை வெண்ணெய் வேடம் கூடாது’ என்பது அந்த வட்டாரங்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. சிரிக்க வேண்டிய செய்திதான். ஆனால் வேடத்தைப் பற்றிய ஒரு விதி வெப்பத்தால் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

‘காஸ்ப்ளே’ என்ற சொல்லை 1983-இல் ஜப்பானிய இதழ் ஒன்றில் நொபுயூகி தகஹாஷி என்பவர் உருவாக்கினார். அதன்பின் ஜப்பானிய அசைபடங்களும் அமெரிக்கத் திரைப்படங்களும் பெருகின. மர்ட்டில் எழுப்பிய கேள்வி மெல்லப் பின்னுக்குப் போயிற்று. திரையில் கண்ட பாத்திரத்தைத் தையல் மாறாமல் நகலெடுக்கும் திறமையே முன்னுக்கு வந்தது. நகலெடுப்பதும் ஒரு திறமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியை இழந்த இடத்தில் அறிவியல் புனைகதை பாதி உயிரை இழக்கிறது.

தமிழ்த் திரையும் தமிழ்க் கதையும்

நம்மிடம் அறிவியல் வேடத்துக்கு எடுத்துக்காட்டு இல்லையா? உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து ‘காடு’ என்ற படத்தை எடுத்தது. அதில் பனியூழிக் காலத்து மயிர் யானைகள் வருகின்றன. அவை வேறு யாருமல்ல. போலி மயிர் போர்த்திய நம்மூர் யானைகள். தமிழ்நாட்டின் அறிவியல் வேட வரலாற்றில் யானைக்கும் இடம் உண்டு என்பது சுவையான செய்தி.

இந்த வேடத்தை நம் உரைகல்லில் உரசுவோம். மயிர் யானை குளிர்ப் பிரதேச விலங்கு. வெப்பம் வெளியேறாமல் காக்க அதற்கு அடர்ந்த மயிர் இருந்தது; அதே காரணத்தால் அதன் காதுகள் மிகச் சிறியவை. நம் யானைக்கு நிலைமை நேர் எதிர். மனிதனைப் போல் அது உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இரத்தம் ஓடும் மெல்லிய காதுகளை விசிறித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மயிரைப் போர்த்தலாம், காதைச் சிறிதாக்க முடியுமா? உயிரியல் தெரிந்த பார்வையாளர் காதைப் பார்த்ததுமே வேடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். வெயிலில் மயிர்ப் போர்வையோடு நின்ற யானையின் பாட்டைப் பற்றி எந்த விமரிசகரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

1963-இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுலகத்தார் பறக்கும் கலத்தில் வந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள். அறிவியலில் முன்னேறிய உலகத்துக்கு இசை தேவைப்படுகிறது என்ற கற்பனையே அழகானது. அந்த உலகத்தாரும் தமிழ் பேசி நம்மைப் போலவே இருப்பதைச் சினிமாவின் சலுகை என்று விட்டுவிடலாம்.

சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ இவற்றைவிட உயர்ந்த படியில் நிற்கிறது. 2021-ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. மக்களின் பெயர்கள்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாத அந்தக் கட்டுப்பாட்டு உலகத்தில், நிலா என்ற பெண்ணுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணையாகிறது. சுஜாதா மின்னணுப் பொறியாளர். எனவே ஜீனோ வெறும் பொம்மையாக இல்லாமல் சிந்திக்கிற, வாதாடுகிற இயந்திரமாக இருக்கிறது. 2021 வந்து போய்விட்டது. கதையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இன்று நாம் சரிபார்க்கலாம். இதைவிட நல்ல வேடப் பொருள் தமிழ் மாணவனுக்கு வேறு ஏது? ஆனாலும் விழாக்களுக்கு வரும் வேடங்களில் பெரும்பாலானவை ஜப்பானிய, அமெரிக்கக் கதைகளிலிருந்தே வருகின்றன. ‘தமிழ்ப் பாத்திரம்தான் போட வேண்டும்’ என்று நான் கட்டளையிட வரவில்லை. கலைக்கு எல்லை கிடையாது. கையருகே இருக்கும் நெல்லிக்கனியைப் பார்க்காமல் போவது வருத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டி, தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த இயந்திர மனிதன். அதன் உலோக உடல்களை ஹாலிவுட்டின் லெகஸி எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் உருவாக்கினர். மாறுவேட மேடைகளில் அதைப் பின்பற்றி வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றோடு குட்டிச் சிட்டிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இயந்திரத்தின் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது?

உங்கள் வீட்டுக் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். துளைகளும் விசிறியும் இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பாருங்கள். வரிவரியான உலோகத் துடுப்புகள் இருக்கும். வேலை செய்யும் எந்த இயந்திரமும் வெப்பத்தை உண்டாக்கும். அதை வெளியேற்ற வழி இல்லாவிட்டால் அது எரிந்துபோகும். இது வெப்ப இயக்கவியலின் கட்டளை. எந்த இயக்குநரும் மாற்ற முடியாது. ஆனால் நம் மேடைகளுக்கு வரும் இயந்திர மனிதர்களில் பெரும்பாலோருக்கு ஒரு துளைகூட இல்லை. பளபளவென்று மூடிய பெட்டி! இயந்திரம் என்றால் உள்ளே நடப்பது வெளியே தெரியாத மாயப் பெட்டி என்ற எண்ணமே அந்த வடிவத்தில் வெளிப்படுகிறது. அறிவியல் வேடம் அறிவியலுக்கு எதிரான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் இடம் இது.

நூறு வாட் மனிதன்

இயந்திரத்துக்குத் துளை வேண்டும் என்றால், அதற்குள் இருக்கும் மனிதனுக்கு வேண்டாமா? இதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். பிளஸ் டூ மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். வேடத்தின் சுமையோடு நடந்தால் அது ஏறக்குறைய 200 வாட் ஆகும். வேடக் கவசங்களுக்கு இன்று பெரிதும் பயன்படுவது ‘ஈ.வி.ஏ.’ எனப்படும் நுரைத் தகடு. மென்மையான செருப்பின் அடிப்பாகமாக நமக்குத் தெரிந்த பொருள்தான். அதனுள்ளே காற்று சின்னஞ்சிறு குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. எனவே எடை குறைவு. அதே காரணத்தால் வெப்பமும் எளிதில் கடக்காது. அதன் வெப்பங்கடத்தும் எண் சுமார் 0.04, ஏறத்தாழ தெர்மாகோலின் அளவு.

5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு உடலில் 1.5 சதுர மீட்டர் பரப்பை மூடுகிறது என்று கொள்வோம். தகட்டின் வெப்பத் தடை 0.005 ÷ 0.04 = 0.125. தகட்டின் வெளிப்புறத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலமும் ஏறக்குறைய அதே அளவு தடை தருகிறது. ஆக மொத்தம் 0.25. குளிர்பதன அரங்கின் வெப்பநிலை 24 டிகிரி, தோலின் வெப்பநிலை 34 டிகிரி. வேறுபாடு 10 டிகிரி. எனவே வெளியேறும் வெப்பம் 10 × 1.5 ÷ 0.25 = 60 வாட்.

உடல் உண்டாக்குவது 200 வாட். வெளியே போவது 60 வாட். மூச்சின் வழியாகவும் சிறிது போகும். கணக்கின் எளிமைக்காக அதை விட்டுவிடுவோம். மீதி 140 வாட்டை வியர்வைதான் சுமந்து செல்ல வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அப்படியானால் மணிக்கு 210 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். வியர்ப்பது எளிது. ஆனால் மூடிய நுரைத் தகட்டின் வழியே ஆவி வெளியேறாது. உள்ளே இருக்கும் காற்று விரைவில் தெவிட்டிவிடும்; வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

பிறகு என்ன நடக்கும்? 60 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தச் சுமார் 2,10,000 ஜூல் தேவை. விநாடிக்கு 140 ஜூல் வீதம் தேங்கினால் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம். ஐம்பது நிமிடத்தில் 37 டிகிரி 39 ஆகிவிடும். உடல் வெப்பநிலை 40 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு. உண்மையில் கழுத்து, கை இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று நுழையும். ஆகவே நிலைமை இவ்வளவு மோசமாகாது. இது எல்லைக் கணக்கு. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதை எல்லைக் கணக்கு காட்டிவிடுகிறது. கல்லூரி விழா ஒன்றில், அட்டைப் பெட்டி ரோபோவாக வந்த மாணவர் கால் மணி நேரத்தில் தலைப் பெட்டியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ‘பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்’ என்று நடுவர் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த மாணவரின் உடல்தான் அந்த மேடையில் சரியான விடையைச் சொன்னது என்பேன்.

ஒரு சிறு விசிறி

கணினியில் இருக்கும் சிறு விசிறி ஒன்றை வேடத்தில் பொருத்தினால் என்ன ஆகும்? அது விநாடிக்கு 3 லிட்டர் காற்றை உள்ளே தள்ளுவதாகக் கொள்வோம். மணிக்குச் சுமார் 11 கன மீட்டர். அரங்கின் காற்று 24 டிகிரியில், 55 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் கன மீட்டருக்கு 12 கிராம் நீராவி அதில் இருக்கும். அதுவே 34 டிகிரியில் தெவிட்டிய நிலையில் 37 கிராம் தாங்கும். ஆகவே ஒவ்வொரு கன மீட்டரும் 25 கிராம் வியர்வையைச் சுமந்து செல்லக்கூடும். எல்லாக் காற்றும் தோலைத் தொடாது என்பதால் பாதிதான் பயன் என்று வைத்தாலும் மணிக்கு ஏறக்குறைய 135 கிராம். அதாவது 90 வாட். தேங்கும் வெப்பம் 140-லிருந்து 50 வாட்டாகக் குறைகிறது. 25 நிமிடம் என்பது 70 நிமிடமாக நீளுகிறது. ஒரு சிறு விசிறியால் இவ்வளவு!

அதே வேடத்தோடு வாயிலுக்கு வெளியே வரிசையில் நிற்க நேர்ந்தால்? சென்னையில் பிப்ரவரிப் பகல் 31 டிகிரியைத் தொடும். ஈரப்பதம் 70 சதவீதம் என்று கொண்டால், அந்தக் காற்றில் ஏற்கெனவே 22 கிராம் நீராவி இருக்கிறது. மேலும் 15 கிராம்தான் தாங்கும். தகட்டின் வழியே போகும் வெப்பமும் 60-லிருந்து 18 வாட்டாக விழுந்துவிடும். கணக்கை முடித்துப் பார்த்தால் மறுபடியும் 27 நிமிடத்துக்கு ஒரு டிகிரி! கடலோர நகரத்தில் வாழ்பவர்கள் இதை மறக்கக் கூடாது. லண்டனிலும் டோக்கியோவிலும் ஒத்துவரும் வேடம் நம் தெருவில் ஒத்துவராது. சென்னையில் வேடம் செய்பவர் சென்னைக்கான வேடத்தைத்தான் வடிவமைக்க வேண்டும்.

விண்வெளி உடையிலும் இதே சிக்கல்

‘கற்பனை வேடத்துக்கு இவ்வளவு கணக்கா?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மையான விண்வெளி உடை செய்தவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். 1966 ஜூன் 5 அன்று ஜெமினி-9ஏ விண்கலத்திலிருந்து யூஜீன் செர்னன் வெளியே வந்து விண்வெளியில் மிதந்தார். அவர் உடைக்குள் வாயுவைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது. பிடிமானம் இல்லாத வெளியில் விறைத்த உடையோடு போராடியதில் அவர் உடல் உண்டாக்கிய வெப்பத்தை அந்த வாயுவால் சமாளிக்க முடியவில்லை. வியர்வை ஆவி முகக் கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது. நெஞ்சு நிமிடத்துக்கு சுமார் 180 முறை துடித்தது. திட்டமிட்ட சோதனையைக் கைவிட்டு அவர் கலத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அப்போலோ வீரர்களுக்கு உள்ளாடை முழுவதும் மெல்லிய குழாய்களைப் பின்னி, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். நீர் சுமந்து வந்த வெப்பம், முதுகுப் பெட்டியில் பனிக்கட்டி நேரடியாக ஆவியாவதன் மூலம் வெளியேற்றப்பட்டது. வியர்வை செய்யும் அதே வேலை. 1972 டிசம்பரில் அதே செர்னன் நிலவில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏழு மணி நேரத்துக்கு மேலாக நடந்தும் வண்டியோட்டியும் வேலை செய்தார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் மனிதர் ஒருவரே, உடை வேறு!

ஆகவே மாறுவேட மேடையில் விண்வெளி வீரராக வரும் சிறுவனின் உடையில் வெள்ளித்தாள் மின்னுகிறதா என்பது இரண்டாம் பட்சம். வெள்ளி நிறம் 1960-களின் தொடக்கத்து மெர்க்குரி வீரர்களின் உடையிலிருந்து வந்தது. நிலவில் நடந்தவர்கள் அணிந்தது வெள்ளை. ‘உன் முதுகுப் பெட்டி எதற்கு?’ என்று கேட்டால் அந்தச் சிறுவன் விடை சொல்கிறானா? சொன்னால் அவன் விண்வெளி வீரனாகவே மேடையில் நிற்கிறான். சொல்லத் தெரியாவிட்டால் அவன் வெள்ளித்தாளைச் சுமந்து நிற்கிறான். குற்றம் அவனுடையதன்று, கேட்கத் தவறிய நம்முடையது.

யார் வெல்கிறார்கள்?

இனி விமரிசனத்தின் முக்கியமான இடத்துக்கு வருவோம். உருவ ஒற்றுமை மட்டுமே அளவுகோலானால் யார் வெல்வார்? முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தலைக்கவசத்தை அச்சிட்டுக்கொள்ளக் கூடியவர், வெளிநாட்டிலிருந்து ஆயத்த உடையை வரவழைக்கக் கூடியவர், அல்லது பணம் கொடுத்துப் பிறரைச் செய்யச் சொல்லக் கூடியவர். நகலின் தரம் பணத்தோடு சேர்ந்து ஏறும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் மாணவி ரங்கநாதன் தெருவில் மலிவாக வாங்கிய துணியையும் ரிச்சி தெருவில் தேடிப் பிடித்த சிறு விசிறியையும் வைத்து எவ்வளவு யோசித்துச் செய்தாலும், அந்தப் போட்டியில் அவளுக்கு இடம் இருக்காது. யோசனைக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், களம் சமமாகிவிடும். அறிவியல் என்பது எங்கோ செய்து விற்கப்படும் பண்டம் என்று அவள் எண்ணப் போகிறாளா, தன் கையாலும் செய்து சோதிக்கக் கூடியது என்று எண்ணப் போகிறாளா என்பது இந்தச் சிறிய மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

வேடப் போட்டிக்கு நடுவராக அமர்பவர்களுக்கு என் யோசனை இது. நூறு மதிப்பெண்ணை நான்காகப் பிரியுங்கள். உருவ ஒற்றுமைக்கு 25. சொந்தக் கைவேலைக்கு 25. வேடம் உடலோடு ஒத்துழைக்கும் விதத்துக்கு 25; அதாவது காற்றோட்டம் இருக்கிறதா, பக்கவாட்டில் பார்வை தெரிகிறதா, ஒரு நிமிடத்துக்குள் கழற்ற முடிகிறதா என்பவை. கடைசி 25, கேள்விக்கு விடை சொல்வதற்கு: ‘உன் பாத்திரம் எந்த உலகத்தது? அங்கே ஈர்ப்பு எவ்வளவு? காற்று உண்டா? இந்த உறுப்பு எதற்கு?’ விடை சரியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. யோசித்ததாக இருந்தால் போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘விளையாட்டாகக் கூடும் இடத்தில் தேர்வு நடத்துவதா? பள்ளியில் படும் பாடு போதாதா?’ என்பார்கள். நியாயமான மறுப்புதான். வேடம் போடும் மகிழ்ச்சி, தன்னை மறந்து இன்னொருவராகும் சுதந்திரம், ஒரே கதையை நேசிப்பவர்கள் சந்திக்கும் தோழமை ஆகியவை மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்டவை. போட்டியில் சேராமல் வேடம் போட்டு வருபவரை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். ஆனால் பரிசு என்று வந்துவிட்டால் ஏதோ ஓர் அளவுகோல் வந்தே தீரும். அந்த அளவுகோல் பணத்தை அளப்பதைவிட யோசனையை அளப்பது மேல் அல்லவா? தவிரவும், கணக்குப் போட்டுச் செய்த வேடத்தில்தான் மகிழ்ச்சியும் நீடிக்கும். உள்ளே வெந்துகொண்டிருப்பவர் எப்படிச் சிரிப்பார்?

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 1939-இல் கூடியவர்கள் வாசகர்கள். கதையைப் பற்றி வாதாடுவதற்காகக் கூடினார்கள். வேடம் அந்த வாதத்தின் ஒரு பகுதி. இன்றைய விழாவின் முதுகெலும்பு வணிகம். 2024 ஜனவரியில் இந்த விழா நிறுவனத்தையே ஒரு மின்விளையாட்டு நிறுவனம் வாங்கியது. வணிகம் பாவமன்று, அரங்கமும் விளக்கும் காசில்லாமல் வராது. ஆனால் கதையைப் படித்தவர்கள் உட்கார்ந்து பேசும் ஒரு மூலையாவது வேண்டும். அது பெரிய விழாவில் கிடைக்காவிட்டால் நாமே அமைத்துக்கொள்ளலாம். அடையாற்றுக்குப் பக்கத்தில் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. 1988 முதல் அங்கே பிர்லா கோளரங்கம் இயங்குகிறது. அதுபோன்ற ஓரிடத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர்கள் தாம் படித்த அறிவியல் கதையின் வேடத்தில் கூடி, அந்தக் கதையைப் பற்றிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டிசம்பர், ஜனவரிக் குளிரில் வைத்துக்கொண்டால் நம் வெப்பக் கணக்கும் சற்று எளிதாகும்.

வேடம் செய்யப் போகிறவர்களுக்கு

முடிவாகச் சில நடைமுறைக் குறிப்புகள். நுரைத் தகடு முழு உடலையும் மூட வேண்டியதில்லை. மார்பு, தோள், முன்கை, முழங்கால் ஆகிய இடங்களில் மட்டும் தகடு வைத்து, இடைவெளிகளில் மெல்லிய பருத்தித் துணியை விடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முழுக் கவசமாகவே தெரியும். கட்டை வேடத்தின் தந்திரம் இதுதான். முதுகுப் பக்கம் மேலும் கீழும் துளைகள் வையுங்கள். உடலின் சூட்டில் காற்று மேலெழும். மேல் துளை வழியே வெளியேறும். கீழ்த் துளை வழியே புதுக் காற்று நுழையும். அந்தத் துளைகளை மறைக்காதீர்கள். உங்கள் பாத்திரம் இயந்திரமானால் அதற்கும் அவை தேவை. அழகாகச் சட்டமிட்டுக் காட்டுங்கள். தலைக்கவசத்தில் வாயருகே திறப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் விட்ட மூச்சையே மீண்டும் இழுப்பீர்கள். சுமை தோளில் இறங்கட்டும், கழுத்தில் வேண்டாம். ஜீனோவைப் பிடித்திருந்தால் நீங்களே நாயாக மாறிப் போர்வைக்குள் புழுங்க வேண்டியதில்லை. சக்கரம் வைத்த ஜீனோவைச் செய்து இழுத்துக்கொண்டு, பருத்தி உடையில் நிலாவாக வரலாம்.

இவற்றோடு இன்னொன்றையும் செய்யுங்கள். வேடத்தின் உட்புறத்தில் ஒரு சிறு வெப்பமானியைப் பொருத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நண்பர் ஒருவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். விசிறியோடு ஒரு முறையும், விசிறி இல்லாமல் ஒரு முறையும் அளந்து வரைபடம் போட்டால், அறிவியல் கண்காட்சிக்கு ஏற்ற ஒரு செய்முறை ஆயிற்று. எல்லை மீறினால் வேடத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். அடுத்த மாறுவேடப் போட்டியில் யாராவது ‘அச்சு அசல்!’ என்று பாராட்டினால் நன்றி சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக் காட்டி, ‘உள்ளே எத்தனை டிகிரி தெரியுமா?’ என்று கேளுங்கள்.